சாய வேண்டியது வண்டியா, ஆளா: கொண்டை ஊசி வளைவில் மூன்று பாணிகள்

கொல்லிமலை அடிவாரம் காரவள்ளியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால், மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தால் போதும், மூன்று வகை ஆட்கள் கண்ணில் படுவார்கள்.

முதல் ஆள் வண்டியோடு ஒட்டிக்கொண்டவர். வண்டி எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுதான் அவரும் சாய்வார். முதுகெலும்பும் பெட்ரோல் டேங்கும் ஒரே கோட்டில் இருக்கும். இரண்டாமவர் ரைடிங் ஜாக்கெட், கிளவுஸ் சகிதம் வருகிறவர். வளைவு வருவதற்கு முன்பே சீட்டிலிருந்து பாதி இறங்கி, முட்டியை வெளியே நீட்டி, தோளை உள்பக்கம் தொங்கவிட்டிருப்பார். மூன்றாமவர் இதற்கு நேர்மாறு. வண்டியை மட்டும் கீழே தள்ளிவிட்டுத் தான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு தினமும் ஏறி இறங்கும் உள்ளூர்க்காரர்.

இந்த மூன்றில் எது சரி என்று எங்கள் பைக் குழுவில் சண்டை ஓய்ந்ததே இல்லை. மூன்றையும் நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் விழுந்தும் இருக்கிறேன். அந்தக் கதை பிறகு. முதலில் டயர் பக்கம் போய்விட்டு வருவோம், ஏனென்றால் பாணிச் சண்டை போடுகிறவர்கள் பாதிப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள்.

டயருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்

நம் முட்டி எங்கே இருக்கிறது என்று டயருக்குத் தெரியாது. எவ்வளவு வேகம், எவ்வளவு இறுக்கமான வளைவு, இந்த இரண்டுதான் அதற்குத் தெரியும். வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் ஓர் எண் வரும். டயர் பக்கவாட்டில் தாங்க வேண்டிய விசை, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எடையில் எத்தனை பங்கு என்பதே அந்த எண். சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டும் அதே எண்தான்.

20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். சாலையின் பக்கச் சரிவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அந்த எண் 0.35. சாய்வு 20 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. 40 கி.மீ. என்றால் 0.63, அதாவது 32 டிகிரி. 50 கி.மீ. என்றால் 0.98, கிட்டத்தட்ட 45 டிகிரி. வேகம் 30-லிருந்து 50 ஆனபோது டயர் மேல் விழும் வேலை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. ஸ்பீடோமீட்டரில் பார்த்தால் சின்ன நகர்வு.

காய்ந்த, நல்ல தாரில் நல்ல டயர் சுமார் 1 வரை தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஈரத்தில் 0.6 என்று வைப்போம். அப்படியானால் காய்ந்த ரோட்டில் சாதாரணமாகத் தெரிகிற 40 கி.மீ. வேகம், அதே வளைவில் மழை பெய்த பிறகு கீழே விழும் வேகம். ஓட்டுகிறவர் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை, எந்தப் பாணியும் அங்கே காப்பாற்றாது.

இதில் பிரேக்கைச் சேர்த்தால் இன்னும் சுவாரஸ்யம். டயரின் பிடியை ஒரு வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் செலவழித்தது போக மீதிதான் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும். மீதியைக் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது, பித்தாகரஸ் சூத்திரம்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால் மேலே சொன்ன வளைவில், காய்ந்த ரோட்டில், 30 கி.மீ. வேகத்தில் மீதி 0.94. முழு பிரேக் பிடிக்கலாம் என்றே சொல்லலாம். 40-ல் 0.78. இன்னமும் நிறைய இருக்கிறது. 50-ல் 0.18. அதாவது வளைவுக்குள் நாய் குறுக்கே வந்தால் தடவிக் கொடுக்கும் அளவுக்குத்தான் பிரேக். முதல் 40 கி.மீ. வேகம் பிடியில் அவ்வளவாகக் கை வைப்பதில்லை. கடைசிப் பத்து கி.மீ. மொத்தத்தையும் தின்றுவிடுகிறது. ‘இவ்வளவு நாளாக இப்படித்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் 40-ல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மோட்டோஜிபி பைக் பந்தய ஓட்டுநர்கள் 60 டிகிரிக்கு மேல் சாய்கிறார்களே என்று கேட்கலாம். அது பள்ளம் வெட்டாத வழவழப்பான ஸ்லிக் டயர், கிளம்பும் முன் போர்வை சுற்றிச் சூடேற்றிய ரப்பர், கூட்டிப் பெருக்கிய தளம், எதிரே பஸ் வராது. அந்த 60-ஐ நம் ரோட்டுக்குக் கொண்டுவந்து பேசுவதில் அர்த்தமில்லை.

சரி, டயர் செய்யும் வேலை மூன்று பாணியிலும் ஒன்றே என்றால், பாணி எதற்கு?

வண்டியோடு சாய்வது

இதைச் சோம்பேறிப் பாணி என்று சிலர் சொல்வார்கள். பிரிட்டிஷ் பந்தய வீரர் மைக் ஹெயில்வுட் அப்படித்தான் ஓட்டினார். முட்டி டேங்கோடு ஒட்டியிருக்கும், உடம்பு வண்டியின் கோட்டிலேயே இருக்கும். 11 வருட இடைவெளிக்குப் பிறகு 1978-இல் மான் தீவு டிடி பந்தயத்துக்குத் திரும்பி வந்து டுகாட்டியில் ஜெயித்தபோதும் அதே பாணிதான். கல் சுவர்களுக்கும் வீட்டு வாசல்களுக்கும் நடுவே ஓடும் பொதுச் சாலை அது. நம் மலைப் பாதைக்கு ரேஸ் டிராக்கைவிட நெருக்கமான சொந்தம்.

இதன் பெரிய நன்மை, உடம்பு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பது. அடுத்தடுத்து இடமும் வலமுமாக வளைவு வரும்போது சீட்டில் குறுக்கே நகர்ந்துகொண்டே இருந்தால் 20-ஆவது வளைவில் தொடை நடுங்க ஆரம்பித்துவிடும். வண்டியோடு சாய்கிறவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் வேறு பாணியே கிடையாது என்று சொல்வேன். பின்னால் மனைவியை வைத்துக்கொண்டு சீட்டிலிருந்து இறங்கித் தொங்குகிறவரை இதுவரை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

குறை என்னவென்றால் வண்டியின் அடிப்பாகம். தினசரி ஓட்டத்துக்கான நிறைய கம்யூட்டர் வண்டிகளிலும் தாழ்வான குரூஸர்களிலும் டயரின் பிடி தீருவதற்கு முன்பே ஃபுட்ரெஸ்ட், ஸ்டாண்ட், சைலன்ஸர் என்று ஏதாவது ஒன்று தரையைத் தொட்டுவிடும். மடங்கும் ஃபுட்ரெஸ்ட் உரசினால் அது எச்சரிக்கை. மடங்காத இரும்பு அழுத்தமாக உரசினால் அது நெம்புகோல் போலப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அதற்கு மேல் டயரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

உள்பக்கம் தொங்குவது

1972-இல் 250சிசி உலகச் சாம்பியனான ஃபின்லாந்து வீரர் யார்னோ சாரினென் உடம்பை உள்பக்கம் இறக்கி ஓட்டிய முன்னோடிகளில் ஒருவர். மறு வருடமே மான்ஸா பந்தயத்தில் இறந்துபோனார். 1978, 79, 80 என்று மூன்று வருடம் தொடர்ந்து 500சிசி பட்டம் வென்ற அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸ்தான் முட்டியைத் தரையில் தொட்டு ஓட்டுவதை உலகம் முழுக்கப் பரப்பினார். இது ஸ்டைலுக்காக வந்ததல்ல. 70-களில் ஸ்லிக் டயர் வந்து பிடி கூடியது, வண்டியின் அடிப்பாகம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அப்புறம் என்ன, ஆளைத்தான் நகர்த்த வேண்டும்.

எவ்வளவு லாபம்? 150 கிலோ வண்டி, 70 கிலோ ஆள். ஆளின் எடை மையம் 15 சென்டிமீட்டர் உள்ளே நகர்ந்தால், இருவரும் சேர்ந்த எடை மையம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். அந்த மையம் தரையிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் வண்டியின் சாய்வில் நான்கைந்து டிகிரி மிச்சம். அதே வளைவில், அதே 40 கி.மீ. வேகத்தில், 32 டிகிரிக்குப் பதில் வண்டி 28 டிகிரியோடு நிற்கும். வண்டி 200 கிலோ என்றால் மிச்சம் நான்குக்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த நான்கு டிகிரி டயரின் பிடியைக் கூட்டாது என்பதைத் திரும்பவும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தொங்குகிறவர்களில் பலர் அதை நம்பித்தான் தொங்குகிறார்கள். பக்கவாட்டு விசை அதே 0.63-தான். கிடைப்பது வேறு விஷயங்கள். ஃபுட்ரெஸ்ட் தரையை விட்டு மேலே இருக்கும். டயர் அதன் கடைசி விளிம்புக்குப் போகாது. வண்டி கொஞ்சம் நிமிர்ந்திருப்பதால் மேடுபள்ளங்களை சஸ்பென்ஷன் நன்றாக வாங்கிக்கொள்ளும். நடுவழியில் வளைவு எதிர்பார்த்ததைவிட இறுகினால் இன்னும் சாய இடம் இருக்கும்.

நஷ்டமும் உண்டு. சீட்டிலிருந்து இறங்கியவர் பெரும்பாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவார். தொடையாலும் வெளிப்பக்கக் காலாலும் டேங்கைக் கவ்வத் தெரியாவிட்டால் கையில் பாரம் விழும், முன் சக்கரம் தன் வேலையைத் தானே செய்ய முடியாது. நான் விழுந்தது இந்தப் பாணியில்தான்.

2019 மழைக்காலம். ஐம்பதைத் தாண்டிய ஏதோ ஒரு வளைவு, இறங்கும் வழி. புது டயர் போட்டு இரண்டு வாரம். முட்டியை நீட்டிக்கொண்டு உள்ளே போனேன். மேலே மரத்திலிருந்து கொட்டிய இலை, கீழே மண் கலந்த ஈரம். பயத்தில் முன் பிரேக்கை லேசாகத் தொட்டேன். பின் சக்கரம் வழுக்கினால் ஒரு நொடியாவது யோசிக்க நேரம் கிடைக்கும் என்பார்கள். முன் சக்கரம் போனால் அதெல்லாம் இல்லை. ஹேண்டில் திடீரென லேசானது, அடுத்த கணம் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த நண்பன் வண்டியை நிறுத்தி முதலில் கேட்ட கேள்வி: “மாப்ள, முட்டி பட்டுச்சா?” முட்டி பட்டது, முழங்கையும் பட்டது, இண்டிகேட்டரும் பட்டது.

பாணியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்த டயரைப் பற்றி ஒரு விஷயம் பிறகுதான் தெரிந்தது. அது கீழே.

வண்டியை மட்டும் தள்ளுவது

வண்டி சாயும், ஆள் நிமிர்ந்திருப்பார் அல்லது வெளிப்பக்கம் சாய்ந்திருப்பார். மோட்டோகிராஸ்காரர்கள் மண்ணில் இப்படித்தான் ஓட்டுவார்கள். மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டால் இந்தப் பாணியின் செலவு தெரியும்: அதே வேகத்துக்கு வண்டி நான்கைந்து டிகிரி கூடுதலாகச் சாய வேண்டும். 32 டிகிரி 36 ஆகும். ஃபுட்ரெஸ்ட் சீக்கிரம் உரசும்.

காகிதத்தில் பார்த்தால் மூன்றிலும் இதுதான் மட்டம். ஆனால் எக்ஸ்எல்காரர் முப்பது வருடமாக விழாமல் ஏறி இறங்குகிறாரே, எப்படி?

ஒன்று, அவர் வேகமாகப் போவதில்லை. 20 கி.மீ. வேகத்தில் சாய்வு மொத்தமே பத்து டிகிரியைத் தாண்டாது, அதோடு நான்கைந்தைச் சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது. மிக மெதுவான, மிக இறுக்கமான திருப்பத்தில் வண்டியை அதிகம் சாய்ப்பது லாபம்கூட. சாய்ந்த வண்டி சின்ன வட்டத்தில் திரும்பும். சந்துக்குள் யு-டர்ன் அடிக்கும்போது நாம் எல்லோருமே யோசிக்காமல் இதைத்தான் செய்கிறோம். இரண்டு, சரளையில் சக்கரம் வழுக்கினால் நிமிர்ந்திருக்கும் ஆள் வண்டியை உடனே தூக்க முடியும். அவருடைய எடை வண்டியோடு கீழே போவதில்லை. தொங்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

மூன்றாவது காரணத்தை அவர்களில் ஒருவரே எனக்குச் சொன்னார். நான் விழுந்த அன்று வண்டியைத் தூக்க உதவியவர். சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, வலது பக்கம் திரும்பறப்ப உன் தலை எங்க இருக்குன்னு பாத்தியா?” என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். வலது வளைவில் உள்பக்கம் என்பது எதிரே வருகிறவனின் பக்கம். ஹெல்மெட் டயரிலிருந்து சுமார் 1.4 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 35 டிகிரி சாய்ந்தால் அது பக்கவாட்டில் 80 சென்டிமீட்டர் உள்ளே போகிறது. தொங்கினால் இன்னும் ஒரு சாண். டயர் நம் பக்கத்தில் நடுக்கோட்டை ஒட்டிப் போகிறது, நாம் சட்டப்படி சரியாகத்தான் ஓட்டுகிறோம். தலை மட்டும் ஒரு மீட்டர் அளவுக்கு அடுத்த பாதியில் இருக்கிறது, மேலிருந்து இறங்கும் பஸ்ஸின் முகப்புக்கு நேராக. எக்ஸ்எல்காரரின் தலை அவருடைய பக்கத்திலேயே இருக்கிறது. உயரமாக இருப்பதால் வளைவின் அந்தப் பக்கமும் கொஞ்சம் முன்னாடியே தெரிகிறது.

டிராக்கில் மட்டும் கற்றுக்கொண்டு மலைக்கு வருகிறவர்களுக்கு இது உறைக்காது. அங்கே தளத்தின் முழு அகலமும் அவர்களுடையது.

கோடும் பிரேக்கும்

இவற்றில் போட்டி அவ்வளவு கடுமையானதல்ல, சீக்கிரம் முடித்துவிடலாம்.

ரேஸ் கோடு என்பது வெளியே தொடங்கி, நடுவில் உள் விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளியே போவது. ஆரம் பெரிதாகும், அதனால் சாய்வு குறையும். ஆனால் வெளியேறும்போது ரோட்டின் முழு அகலமும் தேவைப்படும். அதற்கு மாற்று, உள் விளிம்பைத் தாமதமாகத் தொடுவது. உள்ளே போகும்போது மெதுவாக, வெளிப்பக்கமாகவே இருந்து, வளைவு முடியும் இடம் கண்ணில் பட்ட பிறகு திருப்புவது. நேரம் கொஞ்சம் போகும், ஆனால் பஸ் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சாய்கிறோம். மலையில் இரண்டாவதுதான், வாதமே இல்லை. அதோடு உள் விளிம்பில்தான் மண்ணும் ஜல்லியும் சேரும். பஸ்களின் பின் சக்கரம் ஓரத்தை அரைத்து இழுத்துவந்து போடுவது அது. டேங்க் நிறைந்த வண்டிகள் சிந்தும் டீசலும் கொண்டை ஊசியில்தான் கிடக்கும்.

பிரேக்கில், வளைவுக்கு முன்பே முடித்துவிடுவது ஒரு பள்ளி, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே உள்ளே போவது இன்னொரு பள்ளி. இரண்டாவது பள்ளிக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முன் சக்கரத்தில் எடை இருக்கும், கை ஏற்கெனவே பிரேக் மேல் இருப்பதால் வளைவு இறுகினால் உடனே வேகத்தைக் குறைக்கலாம். மேலே போட்ட கணக்கிலும் 40 கி.மீ. வேகத்தில் 0.78 மீதி இருந்ததே. ஆனால் அது காய்ந்த ரோட்டுக் கணக்கு. ஈரத்தில் மீதி பூஜ்யம். எனக்குத் தெரிந்த வரையில், சாலையின் நிலைமையைப் படிக்கத் தெரியும் வரை முதல் பள்ளி, அதற்குப் பிறகு மெதுவாக இரண்டாவது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று நம்பிக்கை வைக்க வேண்டாம். 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் 125சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் அது கட்டாயம். ஆனால் சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி சாய்ந்திருப்பது தெரியாது. சாய்வை அளந்து அதற்கேற்பப் பிரேக் அழுத்தத்தை மாற்றும் கார்னரிங் ஏபிஎஸ் இப்போது கேடிஎம் 390 அட்வென்ச்சர் மாதிரி வண்டிகளில் வருகிறது. நல்ல விஷயம். ஆனால் இருக்கிற பிடியைச் சிக்கனமாகச் செலவழிப்பதுதான் அதன் வேலை, இல்லாத பிடியை அது எங்கிருந்து கொண்டுவரும்?

டயர்: காசு போட வேண்டிய இடம்

பாணியை மாற்றினால் கிடைப்பது நான்கு டிகிரி. டயரை மாற்றினால் அந்தப் பிடி வட்டமே பெரிதாகும் அல்லது சிறிதாகும். எங்கள் குழுவில் எல்லோரும் சைலன்ஸருக்குச் செலவு செய்கிறார்கள், டயர் என்றதும் ‘இன்னும் 3000 கி.மீ. ஓடும்’ என்கிறார்கள்.

வண்டியோடு வரும் கம்யூட்டர் டயர் கெட்டியான ரப்பர். நீண்ட நாள் ஓட வேண்டும், மைலேஜ் குறையக் கூடாது என்று செய்தது. சமவெளியில் குறை சொல்ல முடியாது. மலையில், அதிகாலைக் குளிரில், ஈரத்தில் அது கல் மாதிரி இருக்கும். மென்மையான ஸ்போர்ட் ரேடியல் இதற்கு நேரெதிர். ரோட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கி உட்காரும், ஈரத்துக்கென்று சிலிக்கா கலந்திருந்தால் வித்தியாசம் முதல் மழையிலேயே தெரியும். என் வண்டியில் பின் டயர் 10,000 கி.மீ.க்குள் முடிந்துபோனது. முந்தைய கம்யூட்டர் டயர் அதைப்போல இரண்டரை மடங்கு ஓடியது. வருத்தமில்லை.

ஆனால் மென்மை என்றால் எவ்வளவு மென்மையும் நல்லது என்று நினைத்து டிராக் டயர் வாங்கிவிடக் கூடாது. அதற்குச் சூடு வேண்டும். கொல்லிமலையில் பனி இறங்கிய காலையில் மேலே போய்ச் சேரும்வரைகூட அது தன் வெப்பத்துக்கு வராது. அந்த நிலையில் கம்யூட்டர் டயரே மேல்.

கட்டம் கட்டமான பட்டன் டயர் மூன்றாவது வழி. ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411 மாதிரி வண்டிகளில் முன்னால் 21 அங்குலச் சக்கரம், டயர் 90 மி.மீ. அகலம். பின்னால் 17 அங்குலம், 120. பட்டன் அதிகமாக இருந்தால் தாரில் தொடும் ரப்பர் குறைவு, சாயும்போது பட்டன்கள் வளைந்து கொடுப்பதால் வண்டி லேசாக நெளிவது போலிருக்கும். பழகிவிட்டால் பயமில்லை. மண் கிடக்கும் வளைவில் மற்ற இரண்டையும்விட நிம்மதி. தார் அதிகம், மண் குறைவு என்றால் பட்டன் நெருக்கமாக உள்ளதை வாங்கலாம். நான் பார்த்தவரை இந்த வண்டி வைத்திருப்பவர்கள் மண்ணைத் தேடிப் போவதைவிட டீக்கடையைத் தேடிப் போவதே அதிகம்.

அப்புறம் அகல டயர் மோகம். 100 மி.மீ. அகல டயர் இருக்கும் இடத்தில் 140 போட்டால் பிடி கூடும் என்று கடையில் சொல்வார்கள். சாய்ந்த வண்டியில் தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து உள்பக்கம் நகர்ந்துவிடும். டயர் அகலமாக அகலமாக அந்த நகர்வு அதிகம், அதை ஈடுகட்ட வண்டி இன்னும் சாய வேண்டும். நான் மேலே சொன்ன 32 டிகிரி, கத்தி விளிம்பு போன்ற கற்பனை டயருக்கானது. 100 டயருக்கு அதோடு மூன்று டிகிரி சேர்க்க வேண்டும், 140-க்கு நான்கு, பெரிய சூப்பர்பைக்கின் 190 டயருக்கு ஆறு வரை. எக்ஸ்எல்லின் குச்சி டயர் இந்த விஷயத்தில் எல்லோரையும் ஜெயித்துவிடுகிறது. ஒல்லியான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் முதுகு கூம்பிவிடும், திருப்பும்போது வண்டி பொத்தென்று விழுவது போலிருக்கும். கம்பெனி எந்த அளவு சொன்னதோ அதிலேயே இருங்கள், மிஞ்சினால் ஒரு படி மேலே.

டயர் ஓரத்தில் தேயாமல் மிச்சமிருக்கும் பட்டையை எங்கள் ஆட்கள் ‘சிக்கன் ஸ்ட்ரிப்’ என்று கிண்டல் செய்வார்கள். அது இல்லாதவன் வீரனாம். மலைச் சாலையில் அந்தப் பட்டை ஒரு விரல்கடை அகலம் மிச்சம் இருந்தால், வளைவு திடீரென இறுகும்போது சாய்வதற்கு அந்த அளவு டயர் கையிருப்பில் இருக்கிறது என்று அர்த்தம். நான் இப்போது அதைத் தேய்க்க முயல்வதில்லை.

என் தேர்வு

தனியாகப் போகும்போது, காய்ந்த ரோட்டில், வண்டியோடு சாய்வதற்கும் தொங்குவதற்கும் நடுவே ஒன்று. சீட்டை விட்டு இறங்க மாட்டேன். மேல் உடம்பை மட்டும் உள்பக்கம் சாய்த்து, முகவாய் உள்பக்கக் கண்ணாடியை நோக்கி இருக்கும்படி வைத்துக்கொள்வேன். தொங்குவதில் கிடைக்கும் நான்கில் இரண்டு டிகிரியாவது இதில் வந்துவிடும், கை லேசாக இருக்கும், தொடை வலிக்காது. வலது வளைவில் டயரை நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியே வைப்பேன், தலைக்கு இடம் விட்டு. பின்னால் ஆள் இருந்தால் வண்டியோடு சாய்வது. ஈரம், இலை, சரளை என்றால் எக்ஸ்எல்காரர் பாணி, எக்ஸ்எல்காரர் வேகத்தில். முட்டி உரச ஆசை இருப்பவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் டிராக் இருக்கிறது, அங்கே தொங்குவதுதான் சரியான பாணி.

இனி அந்த டயர். விழுந்த மறுநாள் வண்டியைக் கழுவும்போது டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் கண்ணில் பட்டன: 1115. முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2015-இன் 11-ஆவது வாரத்தில் செய்த டயரை 2019-இல் ‘புது ஸ்டாக்’ என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பட்டன் தேயாமல், கறுப்பாக, பளபளவென்று இருந்தது. நகத்தால் அழுத்தினால் தடமே விழவில்லை. நான்கு வருடம் வெயில் படும் இடத்தில் தொங்கிய ரப்பர் கெட்டிப்பட்டிருந்தது. பிரேக்கைத் தொட்டது என் தப்பு, அதை மறுக்கவில்லை. இப்போதெல்லாம் டயர் வாங்கப் போனால் விலை கேட்பதற்கு முன்பு குனிந்து அந்த நான்கு எண்ணைத்தான் பார்க்கிறேன். கடைக்காரர்களுக்கு அது பிடிப்பதில்லை.